பகலில் தூங்க மறுக்கும் 8 மாதக் குழந்தை: ஆலோசனை தேவை

குழுவிலுள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு 8 மாதம் நிறைவடைந்துள்ளது. எடையும் வளர்ச்சியும் சரியாக இருப்பதாகக் குழந்தை மருத்துவர் கூறியிருக்கிறார். ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் தவழ்ந்து, எதையாவது பிடித்து எழுந்து நின்று, சுற்றி நடப்பதை ஒன்றுவிடாமல் கவனித்துக்கொண்டே இருக்கிறாள். பால் குடிக்கும்போது சமையலறையில் குக்கர் விசில் அடித்தாலோ, சுவரில் மின்விசிறியின் நிழல் அசைந்தாலோ உடனே வாயை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். மீண்டும் குடிக்க வைப்பதற்குள் பெரும்பாடாகிவிடுகிறது. தூளியில் போட்டு ஆட்டினால், கண் சொருகும் நேரத்தில் விளிம்பைப் பற்றிக்கொண்டு எழ முயல்வதால், விழுந்துவிடுவாளோ என்ற அச்சத்தில் அதையும் நிறுத்திவிட்டோம்.

இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இவள் தூங்குவது அதைவிடக் குறைவு என்பதே என் கவலை. அவளுடைய சுறுசுறுப்பு எங்களுக்குப் பெருமகிழ்ச்சிதான். கைப்பேசியில் பாட்டுப் போட்டுக் காட்டினால் அடங்கிவிடுவாள் என்று உறவினர்கள் சொல்வதை மட்டும், ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று அதே நிறுவனம் கூறுவதால், ஏற்க மனமில்லை.

இத்தகைய குழந்தையை வளர்த்தவர்கள், அறையை இருட்டாக்கியது பலன் தந்ததா, பாலூட்டும் இடத்தை மாற்றினீர்களா, தூளிக்கு மாற்றாக எங்கே படுக்க வைத்தீர்கள் என்பதைச் சற்று விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.