கபாலபாதியில மயக்கம் வந்தா பழி காபிக்கா?

மாடித்தோட்டம்: நேத்து இங்க ஒருத்தர் எழுதினதைப் பார்த்து எரிச்சல் தாங்காமத்தான் இந்த இழை. யோகா முடிச்சதும் தலைசுத்தல், குமட்டல் வந்தா பயப்பட வேண்டாமாம், உடம்புல இருக்கற கழிவு வெளியேறுதாம். எங்க குடியிருப்பு மொட்டைமாடி வகுப்புல எனக்கும் அதேதான் நடந்துச்சு. கபாலபாதி, அதான் மூச்சை வெளிய தள்ளித் தள்ளிப் பண்ற பயிற்சி, வேகமா, நிறுத்தவே விடாம. விரல் நுனியெல்லாம் குறுகுறுன்னு ஆகி, உதடு மரத்துப்போச்சு. சட்டுனு எழுந்திரிக்கச் சொன்னதும் கண் இருட்டி, வாந்தி. மாஸ்டர் சிரிச்சுக்கிட்டே "நல்லது, கழிவு போகுது"ங்கறார். போனது காலையில குடிச்ச அரை டம்ளர் காபி!

பத்மாசனப் பரமு: அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். கடைசி வரியைக் கவனிங்க மக்களே, காபி குடிச்சிட்டுப் போயிருக்காங்க. வெறும் வயித்துல பண்ணணும்னு பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கேஸ் முடிஞ்சுது.

பிசியோ பொன்னி: முடியலை சார். மூச்சை வேகவேகமா வெளிய தள்ளத் தள்ள ரத்தத்துல கரியமில வாயு குறையும். அது குறைஞ்சா மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும், தலை சுத்தும். ரத்தத்துல காரத்தன்மை ஏறும், விரலும் உதடும் குறுகுறுக்கும். அந்த நிலையில சட்டுனு எழுந்தா அழுத்தம் இறங்கிக் கண் இருட்டத்தான் செய்யும். இதுல கழிவு எங்க வந்துச்சு? அதை எடுக்கத்தான் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கே.

பத்மாசனப் பரமு: வாயு, குழாய்னு மிரட்டாதீங்க. காபி குடிச்சாங்களா இல்லையா?

மாடித்தோட்டம்: குடிச்சது அஞ்சரைக்கு, வகுப்பு ஆறரைக்கு. பக்கத்துல இருந்த அக்கா சொட்டுத் தண்ணிகூடக் குடிக்கலை. அவங்களுக்கும் சுத்துச்சு.

பத்மாசனப் பரமு: ஒரே மணி நேரம்! உங்க வாயாலேயே வந்துடுச்சு. அந்த அக்கா முந்தின ராத்திரி பரோட்டா சாப்பிட்டிருப்பாங்க. காபி பித்தம். ஹடயோகப் பிரதீபிகையைப் படிச்சுட்டு வந்து பேசுங்க.

சுவடிப்பூச்சி: படிச்சுட்டுத்தான் வர்றேன். அந்த யோக நூலை எழுதினவர் சுவாத்மாராமர், 15-ஆம் நூற்றாண்டு. சிங்கம், யானை, புலியைப் பழக்கற மாதிரி மூச்சையும் மெல்ல மெல்லத்தான் வசப்படுத்தணும், இல்லேன்னா பழகறவனையே கொன்னுடும்னு ரெண்டாம் அத்தியாயத்துல இருக்கு. தப்பாப் பண்ணினா விக்கல், இரைப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலின்னு பட்டியலே போட்டிருக்கார். கபாலபாதி அதுல ஆறு சுத்திகரிப்புல ஒண்ணு. கொழுப்பும் கபமும் மிஞ்சினவங்க பண்ணட்டும், மத்தவங்களுக்கு வேண்டாம்னுட்டார். மொட்டைமாடியில மொத்தமா எல்லாரையும் பண்ண வைக்கச் சொல்லலை.

பத்மாசனப் பரமு: சுத்திகரிப்புன்னு நீங்களே சொல்லியாச்சு. சுத்தம் பண்ணினா கழிவு வராம கல்கண்டா வரும்? சரி, அவர் எங்கயாவது காபி குடிக்கச் சொல்லியிருக்காரா?

சுவடிப்பூச்சி: யோவ், அவர் காலத்துல இந்தியாவுல காபியே இல்லையே! பாபா புதான்ங்கற சூஃபி பெரியவர் கர்நாடகாவுல சிக்மகளூர் மலைக்குக் காபி விதை கொண்டுவந்தார்ங்கறதே 17-ஆம் நூற்றாண்டுக் கதை.

பத்மாசனப் பரமு: அதனாலதான் அப்ப யாருக்கும் மயக்கம் வரலை. யோசிங்க.

பிசியோ பொன்னி: வராமலா தலைவலிப் பட்டியல் போட்டார்? இவர்கிட்ட பேசிப் பிரயோஜனமில்லை. ரத்த அழுத்தம் இருக்கற ஒரு பெரியவருக்கு சிரசாசனம் பண்ணச் சொன்னவர் இவர். தலைகீழா நின்னா கண்ணுக்குள்ள அழுத்தம் ரெண்டு மடங்கு வரைக்கும் ஏறும், கண்ணழுத்த நோய் இருந்தா பார்வைக்கே ஆபத்துன்னு நான் எழுதினதுக்கு "பயந்தாங்கொள்ளி"ன்னார்.

பத்மாசனப் பரமு: அன்னைக்கு மட்டுறுத்துனர்கிட்ட என்னைப் போட்டுக்கொடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. காலை நீட்டு, மடக்குன்னு சொல்லிக் காசு வாங்கறவங்க எனக்கு யோகா சொல்லித்தர வேண்டாம்.

காவிரிக்கரை: உங்க சண்டை எப்படியோ போகட்டும். கும்பகோணத்துக்காரன் முன்னாடி காபியைப் பித்தம்னு சொல்லாதீங்க. எங்க தாத்தா ரெண்டு டம்ளர் உள்ள போகாம சூரிய நமஸ்காரமே ஆரம்பிக்க மாட்டார்.

பத்மாசனப் பரமு: தாத்தா செஞ்சது யோகா இல்லை, எக்சர்சைஸ். வேணும்னா சுக்கு மல்லி காபி குடிக்கலாம்.

கொத்தவரங்காய்: அப்ப வெறும் வயிறு என்னாச்சு சார்?

பத்மாசனப் பரமு: சுக்கு மருந்து. மருந்து வயித்துல சேராது.

காவிரிக்கரை: எக்சர்சைஸா? எங்க தாத்தாவைப் பத்தி உங்களுக்கு என்னய்யா தெரியும்? வார்த்தையை வாபஸ் வாங்குங்க.

மாடித்தோட்டம்: எல்லாரும் காபியை விடுங்களேன். டாக்டர்கிட்ட போயிட்டுத்தான் வந்தேன், ரத்த அழுத்தம் சரியா இருக்கு. வேகத்தைக் குறைங்க, சுத்தற மாதிரி இருந்தா உடனே நிறுத்திட்டு சாதாரணமா மூச்சு விடுங்க, முடிஞ்சதும் படுத்திருந்து ஒருக்களிச்சு எழுந்திரிங்கன்னார். எங்க மாஸ்டர் கடைசியில படுத்து ஓய்வெடுக்கற சவாசனமே கொடுக்கலை, அடுத்த பேட்ச் வந்துடுச்சுன்னு கிளப்பிவிட்டார்.

பத்மாசனப் பரமு: டாக்டர்கிட்ட காபி விஷயத்தைச் சொன்னீங்களா? சொல்லியிருக்க மாட்டீங்க. சுவடிப்பூச்சி, நீங்க படிச்சது எந்தப் பதிப்பு? அட்டையைப் படம் பிடிச்சுப் போடுங்க, அப்புறம் பேசலாம்.

சுவடிப்பூச்சி: முதல்ல உங்க பதிப்போட அட்டையைப் போடுங்க.