"மாப்பிள்ளை ஆன்லைன்ல விளையாடறாராம்": மாமனாருக்கு எப்படிப் புரிய வைப்பது?

நாமக்கல் டாரஸ் எழுதியது:

வணக்கம். கோழித்தீவனக் கடை, லாரி ஆபீஸ் என்று நாலைந்து பேருக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது என் தொழில். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம்போல யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஓட்டுவேன். மேஜையில் இறுக்கி மாட்டிய ஸ்டியரிங், காலடியில் மூன்று பெடல். தெரியாதவர்களுக்காக: செக் நாட்டு பிராகில் இருக்கும் எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் 2012-ல் வெளியிட்ட கேம். ஐரோப்பா முழுக்கச் சரக்கு ஏற்றிப் போய் இறக்குவதுதான் வேலை. துப்பாக்கி கிடையாது. சிவப்பு சிக்னலைத் தாண்டினால் அபராதம் உண்டு.

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடி வந்தபோது இந்த கேமுக்கு ஐபீரியா மேப் வாங்கினேன். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அதில் வரும். பேங்க் எஸ்எம்எஸ் வந்த நேரத்தில் போன் மாமனார் கையில், பேரனுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, கேமுக்குக் காசு போயிருக்குதுங்க?" என்றார். "ஆமாங்க மாமா, கேம் ஒண்ணு வாங்கினேன்" என்றேன். பேச்சு அதோடு நின்றுவிட்டது. ஆனால் அடுத்து வந்த கல்யாண வீட்டில் பந்தி வரைக்கும் செய்தி போய்விட்டது: மாப்பிள்ளை ஆன்லைனில் விளையாடுகிறாராம்.

நம்ம ஊரில் அப்படிச் சொன்னால் எல்லோருக்கும் ரம்மிதான் ஞாபகம் வரும். ரம்மியில் பணத்தைத் தோற்று உயிரையும் விட்டவர்கள் செய்தியைப் பேப்பரில் படித்துப் படித்துப் பயந்திருக்கிறார்கள். அவர் பயந்ததை நான் தப்பு சொல்ல மாட்டேன். சகலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எத்தனை போயிருச்சு, சொல்லுங்க, பார்த்துக்கலாம்" என்றார். நல்ல மனுஷன். ஒரு ரூபாயும் போகவில்லை என்றேன். தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். தட்டின விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது.

சூது இல்லை என்று புரிந்துகொண்டவர்களும் அடுத்து எவ்வளவு நேரம், எவ்வளவு காசு என்றுதான் கேட்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து என்ன பண்றே என்று யாரும் கேட்பதில்லை. ஐபிஎல் நடக்கும்போது ராத்திரி பதினொன்றரை வரைக்கும் டிவி முன்னால் உட்காருகிறவரிடம் யாராவது மணிக்கணக்குக் கேட்கிறார்களா?

கேட்ட ஒரே ஆள் எங்கப்பா. நாமக்கல்லிலிருந்து மும்பைக்கும் கல்கத்தாவுக்கும் லாரி ஓட்டியே எங்களைப் படிக்க வைத்தவர். ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் என் பின்னால் நின்றுவிட்டார். ரோட்டர்டாமில் ஒரு கம்பெனி யார்டில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த கேமில் வண்டி நிறுத்துவதைத் தவிர்க்கலாம், சுலபமான இடம் கேட்கலாம், கஷ்டமான இடமும் கேட்கலாம், கஷ்டத்துக்குப் புள்ளி அதிகம். ஆசைப்பட்டுக் கஷ்டத்தை எடுத்துத் திணறிக்கொண்டிருந்தேன்.

"எத்தனை டன்னுடா?"

"இருபத்திரண்டுங்கப்பா."

"கிளீனர் எங்கே?"

"அந்த ஊர்ல கிளீனர் கிடையாதுங்கப்பா."

"அப்ப எறங்கிப் பார்த்துட்டு எடு."

அதுக்குத்தான் இது என்று கேமராவை வண்டிக்கு மேலே கொண்டுபோய்க் காட்டினேன். "இது கள்ளாட்டம். கண்ணாடியைப் பார்த்து எடு" என்றார். அப்புறம் பொறுக்க முடியாமல் அவரே உட்கார்ந்துவிட்டார். அவர் காலமெல்லாம் ஓட்டியது ஒரே சேசிஸ் டாரஸ் லாரி, டிரெய்லரைத் தொட்டதில்லை. பழக்கத்தில் வலப்பக்கம் ஒடித்தார், டிரெய்லரின் பின்பக்கம் இடப்புறம் போனது. இன்னும் ஒடித்தார், முகப்பும் டிரெய்லரும் மடங்கி முட்டிக்கொண்டு நின்றன. வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. கொஞ்ச நேரம் முன்னே பின்னே எடுத்துப் பார்த்தவர், ஸ்டியரிங்கின் அடியில் கையை வைத்துக்கொண்டு திருப்ப ஆரம்பித்தார். அப்படிப் பிடித்தால் கை போகிற பக்கமே டிரெய்லரும் போகும். நான் யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டது, அவர் தானாகவே கண்டுபிடித்தார். பிறகு ஹைவேயில் டிரைவர் கொட்டாவி விட்டுத் திரை இருண்டு தெளிந்ததும், "இதை எழுதினவன் லாரியில போயிருக்கான்டா" என்றார். ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம் என்றேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை.

ஆனால் மாமனார் லாரி ஓட்டினவர் இல்லை. கூட்டுறவு சொசைட்டியில் செகரட்டரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். வரவு செலவு என்றால் மட்டும் காது கொடுப்பார். அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

---

மதுரை ஸ்குவாட்:

அண்ணா, நீங்க கொடுத்து வச்சவர். உங்க கேம்ல ஒரு பட்டனை அமுக்கினா வண்டி அப்படியே நிக்கும். நான் ஆடுறது பிஜிஎம்ஐ, பப்ஜியோட இந்திய வெர்ஷன். நூறு பேர் இறங்குற மேட்ச், நாலு பேர் ஸ்குவாட், கடைசி வட்டம் சுருங்கிட்டு இருக்கும்போது அம்மா கூப்பிடுவாங்க: "நிறுத்திட்டு வந்து சிலிண்டரைத் தூக்கி வை." நிறுத்த முடியாதும்மான்னா நம்ப மாட்டாங்க. தம்பி ஆடுற மாரியோ நிக்குதாம், உன்னோடது மட்டும் ஏன் நிக்காதாம். நான் போனை வச்சிட்டுப் போனா அந்தப் பக்கம் திருநெல்வேலி, ஓசூர்ல இருக்கிற மூணு பேர் என்னைத் திட்டுவாங்கங்கிறது அவங்களுக்குத் தெரியாது. என்னைப் பொறுத்தவரை அந்த மூணு பேரும் பக்கத்து வீட்டுப் பசங்க மாதிரிதான்.

2020 செப்டம்பர் 2 பப்ஜியைத் தடை பண்ணாங்களே, அன்னிக்கு எங்கம்மா பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டாங்க. 2021 ஜூலையில பிஜிஎம்ஐ வந்ததை நான் வீட்ல மூச்சு விடலை. இப்போ மேட்ச் போடும்முன்னாடியே சொல்லிடறேன்: "அரை மணி நேரம்மா, அப்புறம் என்ன வேலைன்னாலும் சொல்லு." பாதி நாள் பலிக்குது.

---

தஞ்சை வாத்தியார்:

நான் விளையாடாதவன். ஒரு தகப்பனாக எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை என்கிறீர்கள். சரி. எங்களுக்குத் தெரிவது பையனின் முதுகும் பாதி ஆறிய சோறும்தான். பிளஸ் டூ படிக்கும்போது என் மகன் பள்ளிக்கே போக மறுத்தான். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரி முதல் கேம் அடிமைத்தனமும் நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பதே அவர் சொல்லித்தான் தெரியும். அதில் இத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்குக் கிடையாதாம். கட்டுப்பாடு கைவிட்டுப் போயிற்றா, மற்ற எல்லாவற்றையும் விட அது முக்கியமாகிவிட்டதா, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறானா, இது ஒரு வருடம்போல நீடிக்கிறதா என்றுதான் பார்ப்பார்களாம். இதில் உங்கள் கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சூதே இல்லை என்று அடித்துச் சொல்லாதீர்கள். என் கார்டில் காசு போனது கேமில் வரும் துப்பாக்கிக்குப் பெயின்ட் வாங்க. அதுவும் நேரடியாக வாங்கவில்லை. காசு கட்டி ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும், உள்ளே என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியாது. இதற்கு வேறென்ன பெயர்? பெல்ஜியத்தில் 2018-லேயே இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்துவிட்டார்கள்.

---

கோவை பர்ஸ்னிப்:

வாத்தியார் ஐயா சொன்ன பெட்டி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. அதை எதிர்த்து முதலில் கத்தியதே விளையாடுகிறவர்கள்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கன்ட்ரோலர் வாங்கக் கடைக்குப் போனால், "பையனுக்கா மேடம்?" எனக்குப் பையனே கிடையாது, இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் கேம் பிடிக்காது. நான் விளையாடுவது ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் கோட், படம், இசை எல்லாவற்றையும் தானே செய்து 2016-ல் வெளியிட்டது. விதைப்பது, தண்ணீர் விடுவது, அறுப்பது. உள்ளே ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 14 நிமிடம். மீன் பிடிப்பது மட்டும் கொடுமை. கேம் என்றாலே சுடுவது என்று நினைக்கிறவர்களிடம் நான் முள்ளங்கி நடுகிறேன் என்றால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், கொல்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூடச் சும்மா விட்டிருப்பார்கள்.

அம்மாவுக்கு 'வெண்பா' என்ற கேமைப் போட்டுக் கொடுத்தேன். டொரோன்டோவில் இருக்கும் சின்னக் குழு 2023-ல் கொண்டுவந்தது, மறுவருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதே வாங்கியது. 1980-களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், கிழிந்து அழிந்துபோன அம்மாவின் சமையல் நோட்டு. புட்டு வரும் இடத்தில் அம்மா கன்ட்ரோலரை என் மடியில் வைத்துவிட்டு, திரையைப் பார்த்துக் கட்டளை போட ஆரம்பித்தார்கள். நான் அமுக்கினேன். அன்றைக்கு அப்பாவுக்குக் காபி லேட்.

இப்போது உங்கள் மாமனார். அவர் பேப்பர் படிப்பவர் என்றால், 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காசு கட்டி ஆடுவதைத் தடை செய்தது, இ-ஸ்போர்ட்ஸ் என்கிற கேம் போட்டிகளையும் மற்ற விளையாட்டுகளையும் தனியாகப் பிரித்தது. அது அறிமுகத்துக்கு மட்டும். சொசைட்டி செகரட்டரி என்கிறீர்களே, ஐபீரியா மலையை எதற்குக் காட்டுகிறீர்கள்? உங்கள் கேமில் பேங்க் இருக்கிறது, லோன் எடுத்து லாரி வாங்கலாம், ஷெட் வாங்கலாம், டிரைவர்களை வேலைக்கு வைத்து யார் எவ்வளவு சம்பாதித்தார் என்று பார்க்கலாம். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் எழுந்து காபி எடுக்கப் போங்கள்.

---

நாமக்கல் டாரஸ்:

மேடம், இது எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் அந்தப் பக்கத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் ஓட்டப் போகிறேன். என் கம்பெனியில் ஒரு டிரைவர் தொடர்ந்து காலி வண்டியாகத் திரும்புகிறான், அதை மாமா பார்த்தால் அவனை வேலையை விட்டு எடுக்கச் சொல்வார்.

வாத்தியார் ஐயா, கோபமெல்லாம் இல்லை. பெட்டி விற்கிற கேமை என் வீட்டிலும் ஏற்ற மாட்டேன், பசங்க பெரியவர்கள் ஆனாலும். தம்பி இப்போது எப்படி இருக்கிறார் என்று முடிந்தால் எழுதுங்கள்.

மதுரைத் தம்பி, சிலிண்டரை முதலில் தூக்கி வை.

மாமா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். லோன் என்றதும் வட்டி எத்தனை பர்சென்ட் என்றுதான் முதலில் கேட்பார், அதைப் பார்த்துக் குறித்து வைக்கிறேன்.