ரிசர்ச் இயர் எடுக்கலாமா? அமெரிக்காவில் மருத்துவம் படிப்பவர்களுக்கான அனுபவப் பகிர்வு

கேள்வி

மகள் அமெரிக்காவில் எம்.டி. (அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எலும்பு, மூட்டு அறுவைத் துறையான ஆர்த்தோபீடிக்ஸ்தான் வேண்டும் என்கிறாள். நான்காம் ஆண்டுக்கு முன் ஓராண்டை ஆராய்ச்சிக்கு ஒதுக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. ரிசர்ச் இயர் எடுத்த மாணவர்களை அருகிலிருந்து பார்த்தவர்கள், எதை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ரெசிடென்சி நேர்காணல் குழுவில் இருப்பவர்

அக்கா, எந்தத் துறை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், மனநலம், பொது உள்மருத்துவம் என்றால் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய துறைப் பயிற்சி) கிடைப்பதற்காக மட்டும் ஒரு வருடத்தைக் கொடுக்கத் தேவையில்லை. தோல், நியூரோசர்ஜரி, பிளாஸ்டிக் சர்ஜரி, ஈ.என்.டி., ஆர்த்தோ ஆகியவற்றில் நிலைமை வேறு. மருத்துவ உரிமத் தேர்வுகளில் முதலாவதான ஸ்டெப் 1, 2022 ஜனவரி 26 முதல் வெறும் பாஸ், ஃபெயில் என்று ஆகிவிட்டது. அதுவரை அந்த மூன்று இலக்க மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பங்களைச் சலித்தவர்கள், இப்போது ஸ்டெப் 2 மதிப்பெண், சிபாரிசுக் கடிதம், ஆராய்ச்சி ஆகியவற்றை இன்னும் கூர்ந்து பார்க்கிறார்கள்.

ஆராய்ச்சிப் படைப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விண்ணப்பிப்பவர்களையும் ரெசிடென்சி இடங்களையும் இணைக்கும் மேட்ச்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இடம் கிடைத்த அமெரிக்க எம்.டி. மாணவர்களின் சராசரி ஆர்த்தோவில் 16.5, தோலில் 20.9, நியூரோசர்ஜரியில் 25.5, பிளாஸ்டிக்கில் 28.4. இதெல்லாம் பேப்பர் கணக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்), மாநாட்டு உரை, போஸ்டர், பேப்பர் எல்லாம் சேர்த்து மாணவரே விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த கூட்டுத்தொகை அது. ஒரே ஆய்வு கல்லூரியில் போஸ்டராகவும், தேசிய மாநாட்டில் உரையாகவும், பிறகு இதழில் பேப்பராகவும் வந்தால் கணக்கில் மூன்று. மிக நீளமான பட்டியல் வைத்திருக்கும் சிலர் சராசரியை மேலே இழுத்துவிடுவதும் உண்டு.

நேர்காணலில் கேட்பது எளிய கேள்விகள்தான். என்ன கேள்விக்கு விடை தேடினீர்கள், டேட்டாவை யார் எடுத்தது, ஏன் இத்தனை நோயாளிகள், முடிவை எது தவறாக்கியிருக்கலாம்? இந்த நான்குக்கும் தடுமாறாமல் பதில் வந்தால் நான்கு பேப்பரே போதும். ஏழாவது, எட்டாவது பெயராக இருபது பேப்பரில் இருந்துவிட்டு, ஒன்றைப் பற்றியும் விளக்க முடியாமல் திணறுபவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறோம். அந்த ஒரு வருடம் அவர்களுக்குப் பாதகமாகவே முடிகிறது.

ஆர்த்தோ துறையில் ஆராய்ச்சி மாணவர்களை வழிநடத்துபவர்

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவெடுக்க நாட்காட்டிதான் சரியான கருவி. ஜூலையில் தொடங்கினால் விண்ணப்பம் போவது அடுத்த ஆண்டு செப்டம்பரில். பதினான்கு மாதம் இருக்கிறதே என்று தோன்றும். பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். ஓர் இதழ் முதல் பதில் சொல்ல இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும். திருத்தி அனுப்பினால் மேலும் ஓரிரு மாதம். முதல் இதழ் மறுத்துவிட்டால் முதலிலிருந்து. ஆக, செப்டம்பரில் "ஏற்கப்பட்டது" என்று எழுத வேண்டுமானால் பிப்ரவரி, மார்ச்சுக்குள் அனுப்பியிருக்க வேண்டும். அதற்கு ஜனவரியில் பகுப்பாய்வு முடிய வேண்டும், நவம்பரில் டேட்டா கையில் இருக்க வேண்டும், மனித ஆய்வுகளைச் சரிபார்க்கும் நெறிக்குழுவான ஐ.ஆர்.பி.யின் அனுமதி ஜூலையிலேயே வந்திருக்க வேண்டும். அதாவது அனுமதி விண்ணப்பத்தை மூன்றாம் ஆண்டு ரொட்டேஷனில் (துறை துறையாகச் செய்யும் சுழற்சிப் பயிற்சி) இருக்கும்போதே, வசந்த காலத்தில் போட வேண்டும். "ஜூலையில் வா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் மென்டரிடம் (வழிகாட்டும் மருத்துவர்) முதல் மூன்று மாதம் வீணாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு மருத்துவமனைக்குப் போய்ச் செய்வதென்றால் இன்னொரு தாமதமும் சேரும். தடுப்பூசிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, அடையாள அட்டை, நோயாளி ஆவணக் கணினிக்கான அனுமதி எல்லாவற்றுக்கும் வாரக்கணக்கில் ஆகும். மனித ஆய்வு நெறிப் பயிற்சியான சிட்டி கோர்ஸை முன்பே முடித்துச் சான்றிதழை எடுத்து வையுங்கள். அது இல்லாமல் ஐ.ஆர்.பி. பட்டியலில் பெயரைச் சேர்க்க மாட்டார்கள். பெயர் சேராமல் ஒரு சார்ட்டையும் (நோயாளியின் மருத்துவக் கோப்பு) திறக்கக் கூடாது.

எந்த வகை ஆய்வு என்பதும் முக்கியம். பழைய கோப்புகளிலிருந்து டேட்டா எடுக்கும் சார்ட் ரிவ்யூவில் ஒரு நோயாளிக்கு 15 முதல் 20 நிமிடம் என்று கொண்டால் 300 சார்ட்டுக்கு 75 முதல் 100 மணி நேரம். இதில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்றுண்டு. "தொற்று" என்பதற்கு என்ன வரையறை என்று எழுதி வைக்காமலே தொடங்கி, 200ஆவது சார்ட்டில் மென்டர் வரையறையை மாற்ற, மறுபடி முதலிலிருந்து திறக்க வேண்டிவரும். முதலில் 20 சார்ட்டை மட்டும் எடுத்து, ஒவ்வொரு மாறிக்கும் வரையறை எழுதி, ரெட்கேப் என்ற தரவுப் பதிவு மென்பொருளில் படிவம் அமைத்து, புள்ளியியல் நிபுணரிடம் காட்டிவிட்டு மீதிக்குப் போங்கள். அவரைப் போய்ப் பார்க்க வேண்டியது டேட்டா எடுப்பதற்கு முன்னால்தான். எடுத்த பிறகு போனால், தேவையான ஒரு மாறியை யாரும் எடுக்கவில்லை என்பது அங்கேதான் தெரியவரும்.

அறுவை சிகிச்சை விளைவுகளைத் திரட்டும் என்.எஸ்.க்யு.ஐ.பி. போன்ற பெரிய தரவுத்தளங்களில் பெயர் விவரம் நீக்கப்பட்டிருப்பதால் அனுமதி சுலபம், வேகமாக முடியும். ஆனால் அதில் அறுவைக்குப் பின் 30 நாள் மட்டுமே தெரியும். மூட்டு மாற்றிய பொருத்தி இரண்டு வருடத்தில் தளர்ந்ததா என்பதை அதில் கேட்க முடியாது. அதே தரவு நாடு முழுவதும் பலர் கையில் இருப்பதால், நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே தலைப்பில் வேறொருவர் வெளியிட்டுவிடுவார். வெளிவந்த ஆய்வுகளைத் தேடித் தொகுக்கும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்றால் தேடலைத் தொடங்கும் முன் ப்ராஸ்பெரோ என்ற பதிவேட்டில் பதிவு, சலிக்க இரண்டு பேர், தேடல் வாக்கியத்தை அமைக்க ஒரு மருத்துவ நூலகர் என்று வேண்டும். நோயாளிகளைப் புதிதாகச் சேர்த்துத் தொடரும் ஆய்வை இந்த ஒரு வருடத்தில் தொடங்கவே கூடாது. மூட்டு மாற்று இதழ்கள் பல குறைந்தது இரண்டாண்டுத் தொடர்கவனிப்பை எதிர்பார்க்கின்றன. ஏற்கெனவே நடக்கும் ஒன்றில் சேர்ந்துகொள்ளலாம்.

ஆகவே முதல் நாளிலேயே டேட்டா தயாராக உள்ள இரண்டு, அனுமதி வந்துவிட்ட சார்ட் ரிவ்யூ இரண்டு, நீளமான ஒன்றில் உதவி என்ற அளவில் வேலை கையில் இருந்தால் அந்த வருடம் தாங்கும்.

மென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெயரின் புகழைவிட, கடைசியாக அவரிடம் இருந்த இரண்டு மாணவர்களின் சொல்லே பெரிது. அவர் இல்லாத இடத்தில் அவர்களிடம் பேசுங்கள். வாரம் ஒரு முறை சந்திக்கிறாரா, வரைவை எத்தனை நாளில் திருப்பித் தருகிறார், முதல் ஆசிரியர் இடம் மாணவருக்குக் கிடைத்ததா, அவர்கள் எங்கே மேட்ச் ஆனார்கள்? ஆசிரியர் வரிசையை ஒவ்வொரு ஆய்வின் தொடக்கத்திலும் மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு மென்டரும் தேவை. நடுவில் ஒருவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவது அடிக்கடி நடக்கிறது, அவரோடு டேட்டாவும் நின்றுவிடும்.

மாணவர் ஆலோசனைப் பணியில் இருப்பவர்

ஆராய்ச்சி மும்முரத்தில் மறந்துபோகிறவற்றைச் சொல்கிறேன்.

ஸ்டெப் 2 தேர்வை ரிசர்ச் இயருக்கு முன்பே எழுதிவிடச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டு ரொட்டேஷன் முடிந்த சில வாரங்களில் இருக்கும் தெளிவு, பத்து மாதம் எக்ஸெல் தாளைப் பார்த்த பிறகு இருக்காது. மதிப்பெண் முன்பே வந்துவிட்டால் இன்னொரு பயனும் உண்டு: ஆர்த்தோவுக்குப் போதாத மதிப்பெண் என்றால், வருடத்தைச் செலவழிக்கும் முன்பே தெரிந்துவிடும். குறைந்த ஸ்டெப் 2 மதிப்பெண்ணையோ, தோல்வியுற்ற ரொட்டேஷனையோ ஆராய்ச்சி ஈடுகட்டாது. இதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல எல்லோரும் தயங்குகிறார்கள்.

கைப்பழக்கம் போகும். வாரத்தில் அரை நாளாவது மென்டரின் கிளினிக்கிலோ ஆபரேஷன் தியேட்டரிலோ நிற்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அப்போதுதான் அவர் எழுதும் கடிதத்தில் நோயாளியிடம் மாணவி எப்படி நடந்துகொண்டாள் என்பதும் வரும். திரும்பி வந்த உடனேயே வெளியூர் சப்-இன்டர்ன்ஷிப்புக்கு (இன்டர்ன் போல வேலை செய்யும் கடைசி ஆண்டுப் பயிற்சி) போகாமல், முதலில் சொந்தக் கல்லூரியில் ஒரு ரொட்டேஷன் முடித்துவிட்டுப் போவது நல்லது.

இனி கடன். கல்லூரிப் பதிவில் அந்த வருடம் "விடுப்பு" என்று இருக்கிறதா, "ஆராய்ச்சி மாணவர்" என்று குறைந்தது அரைநேரப் பதிவாக இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விடுப்பு, கூட்டரசுக் கடன் விதிப்படி படிப்பை விட்டதாகவே கணக்காகும். ஆறு மாதச் சலுகைக் காலம் ஓடத் தொடங்கும். அது முழுவதும் தீர்ந்துவிட்டால், பட்டம் பெற்ற பிறகு அந்தக் கடனுக்கு மறுபடி கிடைக்காது. பதிவு நீடித்தால் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

2025இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் (மேற்படிப்புக்கான கூட்டரசுக் கடன்) கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்குக் கூட்டரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வந்திருக்கிறது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கான விலக்குக்கும் கால வரம்பு உண்டு. கூடுதலாக ஒரு வருடம் சேரும்போது நான்காம் ஆண்டுக் கட்டணம் அந்த விலக்குக்குள் வருகிறதா என்று நிதி உதவி அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் விடுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டையும் பாருங்கள். மாணவர் காப்பீடு விடுப்பில் நின்றுபோகலாம். பெற்றோர் காப்பீட்டில் இருக்கலாம் என்றாலும் அது 26 வயது வரைதான், இந்த வயதில்தான் பலர் அதைத் தாண்டுகிறார்கள்.

அடிப்படை ஆராய்ச்சிப் பக்கம் இருப்பவர்

சம்பளம் இல்லாத இடத்துக்குப் போக வேண்டாம். பெத்தெஸ்டாவில் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச். வளாகத்திலேயே தங்கிச் செய்யும் மெடிக்கல் ரிசர்ச் ஸ்காலர்ஸ் புரோகிராம் 2012இல் தொடங்கியது, உதவித்தொகை தருகிறார்கள். இதய ஆராய்ச்சி என்றால் சார்னாஃப் அறக்கட்டளையின் ஃபெல்லோஷிப் இருக்கிறது, அதைச் சொந்தக் கல்லூரிக்கு வெளியேதான் செய்ய வேண்டும். இவற்றுக்கு முந்தைய இலையுதிர், குளிர் காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ட்யூக் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டே ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, அங்கே படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது.

ஆய்வகத்தில் எலி, செல் வேலை செய்ய ஆசை இருந்தால் ஒரு வருடத்தில் முதல் ஆசிரியர் பேப்பர் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மருத்துவ விஞ்ஞானியாக வாழ விருப்பமா என்று தெரிந்துகொள்ள அது அருமையான வருடம். மேட்ச்சுக்காக மட்டும் என்றால் தவறான இடம்.

நேர்காணல் குழுவில் இருப்பவர், மறுபடி

ஆர்த்தோவைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. இங்கே வெளியூர் ரொட்டேஷனில் காலை ஐந்து மணிக்கு வந்து எப்படி வேலை செய்தாள் என்பதற்கு இருக்கும் எடை ஆராய்ச்சிக்கு இல்லை. விண்ணப்பத்தில் 30 இடங்களுக்கு விருப்பக் குறி கொடுக்கலாம், அந்த 30ஐச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும் பெரிய வேலை. சொந்தக் கல்லூரியில் ஆர்த்தோ ரெசிடென்சியே இல்லை, கடிதம் எழுத ஆளில்லை என்றால் ரிசர்ச் இயர் உண்மையிலேயே கதவைத் திறக்கும். ஆர்த்தோ ரெசிடென்சி உள்ள வேறொரு இடத்துக்குப் போய் ஒரு வருடம் கண்ணெதிரே வேலை செய்தால் அந்தத் துறைக்கு அவளைத் தெரியும். ஆனால் சொந்தக் கல்லூரியிலேயே பெரிய துறை, நல்ல ஸ்டெப் 2, ஏற்கெனவே நடக்கும் இரண்டு மூன்று ஆய்வு, தெரிந்த அட்டெண்டிங்குகள் (மூத்த மருத்துவர்கள்) என்று இருந்தால் நான்கைந்து வார ஆராய்ச்சி எலெக்டிவ் என்ற விருப்பப் பாடமே போதும், நேரே விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று. "முதலில் விண்ணப்பித்துப் பார்க்கிறேன், கிடைக்காவிட்டால் ரிசர்ச் இயர்" என்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மேட்ச்சில் கடைசி ஆண்டு மாணவராக விண்ணப்பிப்பவருக்கும், பட்டம் வாங்கிவிட்டு மறுபடி வருபவருக்கும் வாய்ப்பு ஒன்றல்ல, இரண்டாமவருக்கு மிகவும் குறைவு. பட்டத்தைத் தள்ளிப்போடக் கல்லூரி அனுமதிக்குமா, எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும் என்பதை மார்ச் மாத மேட்ச் வாரம் வரும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்த வாரத் திங்கட்கிழமை இடம் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

இன்னொரு கேள்வி

தம்பி தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டான். அவனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஆராய்ச்சி மாணவர்களை வழிநடத்துபவர்

மென்டர், நாட்காட்டி பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும். மீதி வேறு. அவருக்கு முதல் கேள்வி விசா. பலர் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ரிசர்ச் ஸ்காலராக வருகிறார்கள். அந்த வகையை முடித்துக்கொண்டால் அதே வகையில் மறுபடி வர 24 மாதத் தடை உண்டு, ஆகவே ஆறு மாதத்துக்கு வந்துவிட்டு முடித்துப்போவது புத்திசாலித்தனமல்ல. ரெசிடென்சிக்கான ஜே-1 தனி வகை, இந்தத் தடை அதற்கு இல்லை. பல ரெசிடென்சிகள் பட்டம் பெற்று ஐந்தாண்டுக்குள் இருப்பவர்களையே பார்க்கின்றன, ஆராய்ச்சியில் கழியும் ஒவ்வொரு வருடமும் அந்தக் கணக்கில் போகும். ஸ்டெப் 1, ஸ்டெப் 2 இரண்டையும் முடித்துவிட்டு வருவதே நல்லது. சம்பளமில்லா இடம் என்றால், ஜே-1 ஆவணம் கொடுக்கும் முன் செலவுக்கான வங்கிச் சான்று கேட்பார்கள். அந்தத் தொகை எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு அறிஞர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு மென்டருக்குச் சம்மதம் சொல்லச் சொல்லுங்கள்.