ஊட்டி கடையில திடீர்னு நிறுத்திட்டாங்க, நோட்டீஸ் சம்பளம் கேக்க முடியுமா?

கேத்திப்பொண்ணு:
வணக்கம்ங்க. ஊட்டியில சாக்லேட், வர்க்கி, தைலம் விக்கிற கடையில சேல்ஸ்ல இருந்தேன். போன ஆயுத பூஜை சீசனுக்கு சேர்ந்தது, மே மாசம் மலர் கண்காட்சி கூட்டம் முழுக்க காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நின்னே வேலை, கால் வீங்கி செருப்பு மாட்ட முடியல, ஒரு ஸ்டூல் போடுங்கன்னு ஓனர்கிட்ட கேட்டேன், மூஞ்சிய திருப்பிக்கிட்டார். ஜூன்ல மழை புடிச்சு கூட்டம் கொறஞ்சதும் "நாளைல இருந்து வராதம்மா"ன்னுட்டார். அந்த மாசம் வேலை பார்த்த நாளுக்கும் காசு வரல. ஒரு வருஷம் முடியாதவங்களுக்கு எதுவும் கிடையாதுன்னு கூட இருந்த அண்ணன் சொல்றாங்க. நிஜமாங்க?

வெலிங்டன்வாசி:
இல்லம்மா, இப்படி சொல்லியே நம்ம புள்ளைங்கள வாயடைச்சு வச்சிருக்காங்க. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947, 41வது பிரிவு பாருங்க. தொடர்ந்து 6 மாசம் வேலை பார்த்திருந்தா போதும், தகுந்த காரணம் இல்லாம நிறுத்தக்கூடாது, காரணம் இருந்தாலும் 1 மாச நோட்டீஸ், இல்ல அதுக்கான சம்பளம். கல்லாவுல கை வச்சாங்கன்னு பழி போட்டாலும் முறையா விசாரணை வச்சு சாட்சி எழுதி வாங்கியிருக்கணும், வாயால சொன்னா ஆகாது. ஆனா அப்பீலுக்கு 30 நாள்தான், அத விட்டுட்டா கஷ்டம். குன்னூர்ல தொழிலாளர் துறை ஆபீஸ் இருக்கு, 41வது பிரிவு அப்பீல்னு சொல்லி யார்கிட்ட போடணும்னு கேளுங்க. ஸ்டூல் கேட்டது தப்பே இல்ல, 2021ல இதே சட்டத்த திருத்தி கடையில எல்லாருக்கும் உக்கார இடம் தரணும்னு போட்டாச்சு.

கூடலூரான்:
வேலையை விட்டு அனுப்புனா பாக்கி சம்பளத்த 2 வேலை நாளுக்குள்ள குடுத்தே ஆகணும், அத தனியா எழுதி கேளுங்க. இன்னொண்ணு, ஆள் கொறைக்கறோம்னு சொன்னா 240 நாள் கணக்கு வரும், அதாவது ஒரு வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தா வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் நஷ்டஈடு. சம்பளத்தோட விட்ட வார லீவும் அந்த 240ல சேரும், 1985லயே அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. உங்க நாளை எண்ணிப் பாருங்க, தாண்டியிருக்கலாம்.

கோத்தகிரி கடைக்காரர்:
நானும் கடை நடத்தறவன்தான். மழைக்காலத்துல வாடகைக்கே வியாபாரம் ஆகாதுங்க. அதுக்காக சொல்லாம கொள்ளாம நிறுத்தறது நியாயம் கிடையாது, சீசனுக்கு மட்டும்னா சேர்க்கும்போதே எழுதிக் குடுத்திருக்கணும்.

கேத்திப்பொண்ணு:
ரொம்ப நன்றிங்க. நிறுத்தி ரெண்டு வாரம்தான் ஆச்சு. ஆனா வேலைக்கு சேர்த்த ஆர்டர், சம்பள சீட்டு எதுவும் தரல, ஜிபேலதான் போடுவார். இப்ப ஆள் அனுப்பி, சொந்த விருப்பத்துல நின்னுட்டேன்னு கையெழுத்து போட்டா பாக்கிய தர்றேங்கறார்.

வெலிங்டன்வாசி:
போடவே போடாதீங்கம்மா. கையெழுத்து போட்டா நீங்களா நின்னதா ஆயிரும், நோட்டீஸ் சம்பளமும் போச்சு, அப்பீலும் போச்சு. ஜிபே ஹிஸ்டரி, "நாளைக்கு எட்டரைக்கே வந்துரு"ன்னு அவர் போட்ட வாட்ஸ்அப், எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போடுங்க, அதுதான் உங்க ஆர்டர். எந்த தேதியில யார் நிறுத்தினாங்கன்னு எழுதி, பாக்கி சம்பளமும் 1 மாச நோட்டீஸ் சம்பளமும் கேட்டு டெலிவரி சான்றோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிருங்க. பதில் வரட்டும்னு காத்திருக்காம, வாயால சொன்ன நாள்ல இருந்தே 30 நாள கணக்கு வச்சு திங்கக்கிழமை குன்னூர் போயிட்டு வாங்க.