ஷார்ப் பிசி-1500: சிஇ-155 போட்டும் மெம் 1850தான் காட்டுகிறது

திருவான்மியூர்_1500 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கருவி ஷார்ப் பிசி-1500, பேசிக் மொழியில் புரோகிராம் எழுதும் பாக்கெட் கம்ப்யூட்டர், ‘ஏ’ இல்லாத பழைய மாடல். கூடுதல் நினைவகத்துக்கான மாட்யூல் சிஇ-155, அதாவது 8 கேபி. நாலு ஏஏ ஆல்கலைன் பேட்டரியும் புதுசு. ஆஃப் செய்து, பின்பக்க மூடியைக் கழற்றி மாட்யூலைப் பொருத்தி ஆன் செய்தால் ‘நியூ0?:செக்’ வருகிறது. சிஎல் (கிளியர்) அழுத்திவிட்டு மெம் (மீதி நினைவகம் எத்தனை பைட்) கேட்டால் 1850. ப்ரோ (புரோகிராம் எழுதும்) மோடில் நியூ என்டர் கொடுத்தும் அதே 1850தான். மாட்யூல் காண்டாக்டில் ஓரிரு இடம் மங்கலாக, லேசாகக் கறுத்த மாதிரி இருக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். முகவரி 16581-இலிருந்து போக் செய்து (நினைவகத்தில் நேரடியாக எண்களை எழுதி), கால் 16581 என்று கூப்பிடுகிற ஒரு மெஷின் கோடு ரொட்டீன் (செயலி நேரடியாக ஓட்டும் சிறு நிரல்) வைத்திருக்கிறேன். சிஇ-155 ஒழுங்காக வேலை செய்யும் இன்னொரு பிசி-1500-இல் போட்டால், பேசிக் புரோகிராம் சின்னதாக இருக்கும்வரை ஓடுகிறது, பெரிதானால் தொங்கிவிடுகிறது. ஏன்? அப்புறம், 16 கேபி மாட்யூலான சிஇ-161 ஒன்று விலைக்கு வருகிறது. சிஇ-155 இருக்கும்போது அதை வாங்குவதில் அர்த்தம் உண்டா?

மாம்பலம்_பேசிக்:

சார், முதலில் நியூ வேறு, நியூ0 வேறு. வெறும் நியூ புரோகிராமை மட்டும் அழிக்கும். பேசிக் எந்த முகவரியில் தொடங்குகிறது, நினைவகம் எதுவரை இருக்கிறது என்று கருவி ஏற்கெனவே குறித்து வைத்திருப்பதை அது தொடாது. மாட்யூல் போட்டாலும் எடுத்தாலும் அந்தக் குறிப்பு புதிதாக எழுதப்பட வேண்டும், அதற்குத்தான் நியூ0. திரையில் வருகிற ‘நியூ0?:செக்’ அதைத்தான் கேட்கிறது. சிஎல், மோடு பட்டனால் ப்ரோ, நியூ0, என்டர். இந்த வரிசையில் போங்கள். கடைசியில் இருப்பது பூஜ்யம், ஓ எழுத்து இல்லை.

பிறகு மெம் என்ன காட்ட வேண்டும் என்பது கணக்கு போட்ட மாதிரி துல்லியமாக இருக்கும். மாட்யூல் இல்லாமல் 1850. சிஇ-151, அதாவது 4 கேபி என்றால் 5946. சிஇ-155-க்கு 10042. சிஇ-161-க்கு 18234. உள்ளே இருக்கும் 2 கேபியில் முதல் 197 பைட் ரிசர்வ் விசைகள் (அடிக்கடி தட்டுவதைச் சேமித்து வைக்கும் விசைகள்) முதலானவற்றுக்குப் போகிறது. கடைசியில் ஒரு பைட் முடிவுக் குறிக்கு. 2048-இலிருந்து 198 கழித்தால் 1850. அதோடு 8192 கூட்டினால் 10042. ஒரு எண்கூடக் குறையக் கூடாது. ‘ஏறத்தாழ சரிதான்’ என்று விட்டுவிடாதீர்கள், குறைந்தால் எங்கோ கோளாறு இருக்கிறது. (மாட்யூலே இல்லாத பிசி-1500ஏ-வும் 5946 காட்டும். அந்த எண்ணைப் பார்த்தால் மூடிக்குப் பின்னால் தேடுமுன் மாடல் பெயரைப் படியுங்கள்.)

நியூ0-க்கு முன் வேண்டியதையெல்லாம் சேமித்துவிடுங்கள், அது எல்லாவற்றையும் துடைத்துவிடும். கேசட் இணைப்பும் உள்ள சிஇ-150 பிரிண்டர் இருந்தால் சிசேவ் (புரோகிராமை ஒலியாக அனுப்பும் கட்டளை) கொடுத்து ஃபோனிலோ கம்ப்யூட்டரிலோ பதியலாம். சத்தத்தைக் குறைக்கிற, குரலைத் தெளிவாக்குகிற ஆப் எதுவும் வேண்டாம், அவை சிக்னலையே அரைகுறையாக்கிவிடும். சுருக்காத வேவ் ஃபைலாகப் பதியுங்கள். பதிந்ததும் சிலோட்? கொடுத்துச் சரிபார்த்த பிறகுதான் அழிப்பது. கேசட் ஒயரில் இருக்கும் சிறிய ரிமோட் பின்னை ஃபோனில் எங்கும் சொருக வேண்டியதில்லை.

பொருத்துகிற வேலை: சிஇ-150-இல் மாட்டியிருந்தால் இரண்டையும் ஆஃப் செய்து, கருவியைத் தனியாக எடுங்கள். பிரிண்டரில் மாட்டிய நிலையில் மாட்யூலை மாற்றக் கூடாது. மாட்யூல் ஒரு பக்கமாகத்தான் உட்காரும். சாய்வாக அழுத்தாமல் இரண்டு முனையையும் சமமாக அமுக்குங்கள். நியூ0-க்கும் அசையாமல் கருவி உறைந்து கிடந்தால் பின்னால் இருக்கும் ஆல் ரீசெட் பொத்தானை பால்பாயின்ட் முனையால் அமுக்கிவிட்டு மறுபடி நியூ0. பென்சில் வேண்டாம், முனை உடைந்து கரித்தூள் உள்ளே போகும்.

சிந்தாதிரிப்பேட்டை_சால்டர்:

மேலே சொன்னது சரி. ஆனால் கறுத்த காண்டாக்ட் என்று எழுதியிருக்கிறீர்களே, நியூ0-க்கு முன்னால் அதைத் துடைத்துவிடுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் உப்புக் காற்றுக்கு எந்தக் காண்டாக்டும் தப்பாது. மூடி போட்ட அறைக்குள் இருந்தாலும் படலம் பிடிக்கும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் 99 சதவீத ஐசோபிரோபைல் ஆல்கஹால் கேட்டு வாங்குங்கள். மருந்துக் கடையில் கிடைக்கிற 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், அது வேண்டாம். நூல் விடாத துணியில் நாலு சொட்டு விட்டு, காண்டாக்டின் நீளவாக்கில் ஒரே திசையில் இழுத்துத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கு பக்கத்துக் காண்டாக்டில் போய் உட்காரும். துணியில் கறுப்புக் கோடு வருவது நிற்கும்வரை துடைக்கலாம். கருவிப் பக்கத்து சாக்கெட்டுக்குள் துணி போகாது. விசிட்டிங் கார்டு மாதிரி கெட்டி அட்டையைச் சின்னதாக வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, மென்மையாக உள்ளே விட்டு எடுங்கள். ஸ்பிரிங் வளைந்துவிட்டால் மாற்று கிடைப்பது கஷ்டம், பலம் காட்ட வேண்டாம்.

உப்புத்தாள், பேனா மை அழிக்கிற கரகரப்பான ரப்பர் இரண்டும் கூடவே கூடாது. மேல் பூச்சை அரித்துவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் அடியில் இருக்கும் செம்பு பச்சையாகிவிடும். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம், பிசுக்கில் தூசி ஒட்டும். துடைத்தபின் பத்து நிமிடம் காயவிட்டுப் பொருத்துங்கள்.

ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த உடனே திறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் குளிர்ந்த உலோகத்தின்மேல் நீர் பூக்கும். நல்ல ஏசி ஓடுகிற உலர்ந்த அறையிலே நிலைமின்சாரம்தான் பயம். சிமாஸ் சிப்களுக்கு அது எமன். எர்த் ஆன ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு மாட்யூலை எடுங்கள், காண்டாக்டை விரலால் தொடாதீர்கள்.

பேட்டரி விஷயத்தில் சரியாகச் செய்திருக்கிறீர்கள். ரீசார்ஜபிள் நாலு போட்டால் 6 வோல்டுக்குப் பதில் 4.8தான் கிடைக்கும். மாட்யூலைச் சோதிக்கிற நேரத்தில் அந்தக் குழப்பம் தேவையில்லை.

அண்ணாநகர்_ஹெக்ஸ்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இது மாட்யூல் கோளாறே இல்லை, முகவரி நகர்ந்துவிட்டது.

மாட்யூல் இல்லாத கருவியில் பயனர் நினைவகம் 16384 முதல் 18431 வரை. 197 பைட் தள்ளி, பேசிக் 16581-இல் தொடங்கும். அதனால்தான் உங்கள் ரொட்டீனும் அந்த எண்ணில் இருக்கிறது. சிஇ-151 தன் 4 கேபியை முழுக்க மேலே, 18432-இலிருந்து சேர்க்கிறது, ஆகவே தொடக்கம் மாறாது. சிஇ-155 அப்படி இல்லை. 6 கேபியை மேலேயும் 2 கேபியைக் கீழேயும் சேர்க்கிறது. நினைவகம் 14336-இலிருந்து 24575 வரை ஆகிவிடும், பேசிக் 14533-இல் தொடங்கும். சிஇ-161 16 கேபியையும் கீழேயே, முகவரி பூஜ்யத்திலிருந்து வைக்கிறது. அங்கே பேசிக் 197-இல் தொடங்கும்.

16581-இலிருந்து 14533-ஐக் கழியுங்கள், 2048. அதாவது சிஇ-155 உள்ள கருவியில் உங்கள் பேசிக் 2048 பைட்டைத் தாண்டும் வரை ரொட்டீனுக்கு ஆபத்தில்லை. தாண்டியதும் இரண்டும் ஒரே இடத்தில் மோதுகின்றன. சின்ன புரோகிராம் ஓடி, பெரியது தொங்குவது அதனால்தான்.

எந்தக் கருவியிலும் தொடக்கத்தை பீக் (ஒரு முகவரியில் உள்ள எண்ணைப் படிக்கும் கட்டளை) வைத்து இப்படிப் பார்க்கலாம்: பீக் 30821, பீக் 30822. முதல் எண்ணை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டுங்கள். 64, 197 வந்தால் 16581. 56, 197 வந்தால் 14533. நியூ0 உண்மையிலேயே வேலை செய்ததா என்பதற்கும் இது நல்ல சாட்சி. மெம்மோடு சேர்த்து இதையும் பாருங்கள்.

தீர்வு இரண்டு. சுலபமானது, ரொட்டீனை அங்கேயே விட்டு பேசிக்கை அதற்கு மேலே தள்ளுவது. ப்ரோ மோடில் நியூ 17000 கொடுத்தால் பேசிக் 17000-இலிருந்து தொடங்கும், மெம் 7575 காட்டும். 2 கேபிக்கு மேல் வீண், ஆனாலும் சிஇ-151-ஐவிட அதிகம்தான். ரொட்டீன் 419 பைட்டுக்கு மேல் போனால் 17000-க்குப் பதில் பெரிய எண் கொடுங்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது: ரொட்டீனையே 14533-க்கு இறக்கி, பேசிக்கை அதன் முடிவுக்குப் பின்னால் தொடங்கச் சொல்வது. நகர்வு சரியாக 2048 என்பதால் முகவரியின் கீழ் பைட் (256-ஆல் வகுத்தால் வரும் மீதி) மாறாது, மேல் பைட்டில் (ஈவில்) 8 குறைந்தால் போதும். கருவியின் செயலியான எல்எச்5801 மேல் பைட்டை முதலில் எழுதும். ரொட்டீனின் எண்கள் இருக்கும் டேட்டா வரிகளில் 186 (ஜம்ப்) அல்லது 190 (சப்ரொட்டீன் ஜம்ப்) கட்டளைக்கு அடுத்த எண் 64 முதல் 71-க்குள் இருந்தால் 8 கழியுங்கள். 192 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ராம் இல்லை, ரோம் (மாற்ற முடியாத நினைவகம்) முகவரி. கை வைக்காதீர்கள். குட்டித் தாவல்கள் தூரத்தை மட்டும் சொல்பவை, அவற்றுக்கு மாற்றமே வேண்டாம். எக்ஸ், ஒய், யு ரிஜிஸ்டர்களில் ரொட்டீனின் சொந்த அட்டவணை முகவரியை ஏற்றுகிற இடங்களைத்தான் ஆட்கள் மறந்துவிடுவார்கள். அவற்றிலும் மேல் பைட்டைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லா 64-ஐயும் 56 ஆக்கினால் வெறும் தகவலாக இருக்கும் 64-உம் கெடும்.

திருவான்மியூர்_1500:

மிக்க நன்றி. துடைத்து, நியூ0 கொடுத்ததும் மெம் 10042, பீக் 56, 197. ஆனால் நீளமான புரோகிராம் தட்டினால் நடுவில் சில வரிகள் கண்டபடி மாறிவிடுகின்றன. மெம் சரியாக இருந்தும் சிப் பழுதாக இருக்க முடியுமா?

மாம்பலம்_பேசிக்:

முடியும். மெம் முகவரி எல்லையை வைத்துக் கணக்கு சொல்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு பைட்டையும் எழுதிப் படித்துப் பார்க்க வேண்டும். ஏ என்ற மாறியை 15000 முதல் 24575 வரை ஃபார் வளையத்தில் ஓட்டுங்கள். உள்ளே போக் ஏ,85. பீக் ஏ 85 இல்லையென்றால் பிரிண்ட் ஏ. அதையே 170 வைத்தும். 85-உம் 170-உம் ஒன்றுக்கொன்று நேர் எதிரான பிட்கள், எட்டு பிட்டும் இரு நிலையிலும் சோதிக்கப்பட்டுவிடும்.

ஏ முதல் இசட் வரையான ஒற்றை எழுத்து மாறிகளை மட்டும் பயன்படுத்துங்கள், அவை தனி இடத்தில் இருப்பதால் சோதனை அவற்றை அழிக்காது. டிம் செய்து வரிசை மாறி (அரே) வைத்தாலோ இரண்டு எழுத்துப் பெயர் வைத்தாலோ அவை நினைவகத்தின் உச்சியில் உட்காரும், சோதனையே அவற்றை மிதித்துவிடும். சோதனைப் புரோகிராம் 14533-இல் தொடங்குவதால் 15000-க்குக் கீழே போகாதீர்கள்.

தப்பு முகவரி 16384-க்கும் 18431-க்கும் இடையில் வந்தால் கோளாறு கருவிக்குள். மற்ற இடத்தில் வந்தால் மாட்யூல் பக்கம்.

அண்ணாநகர்_ஹெக்ஸ்:

அதோடு இன்னொரு ஓட்டமும் வேண்டும். எழுதிய கையோடு படித்தால் முகவரிக் கோடு கோளாறு மாட்டாது. ஒரு முகவரிக் காண்டாக்ட் தொடாமல் இருந்தால் இரண்டு முகவரிகள் ஒரே பைட்டைக் காட்டும், அப்போதும் 85 எழுதினால் 85தான் திரும்பும். நீளமான புரோகிராமில் வரிகள் மாறுவதைப் பார்த்தால் எனக்கு இதன்மேல்தான் சந்தேகம்.

முதல் வளையத்தில் முழு வரம்பிலும் (ஏ+இன்ட்(ஏ/256)) ஆண்ட் 255 என்ற மதிப்பை எழுதி முடியுங்கள். அது முடிந்த பிறகு தனி வளையத்தில் படித்து ஒப்பிடுங்கள். வெறும் கீழ் பைட்டை மட்டும் எழுதினால் 256-இன் மடங்கு தள்ளி இருக்கும் முகவரிகள் ஒரே மதிப்பாகிவிடும், அதற்காகத்தான் மேல் பைட்டையும் கூட்டுவது. தப்பு வரும் முகவரிகள் ஒழுங்கான இடைவெளியில் கூட்டம் கூட்டமாக வந்தால் காண்டாக்ட்தான், மறுபடி துடையுங்கள். ஒரே தொகுதிக்குள் சிதறலாக வந்தால் சிப்.

இரண்டு வளையமும் ஓட நேரம் பிடிக்கும், பொறுமையாக விடுங்கள். முடிந்ததும் நியூ0.

சிஇ-161 பற்றி: ஒரே ஒரு மாட்யூல் அறைதான், சிஇ-155-ஐயும் அதையும் சேர்த்துப் போட முடியாது. அதன் உண்மையான லாபம் 16 கேபி மட்டுமில்லை, உள்ளே சொந்த பேட்டரி இருக்கிறது. கழற்றி எடுத்தாலும் எழுதியது நிற்கும். சிஇ-155 கருவியின் மின்சாரத்தை நம்பி இருப்பது, வெளியே எடுத்த கணம் காலி. வாங்குமுன் அந்த பேட்டரி கசிந்து தடங்களை அரித்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். அரித்திருந்தால் விலையைக் குறைத்தாலும் விட்டுவிடுங்கள். உள்ளே யாரோ எழுதிய புரோகிராம் இருக்கக்கூடும் என்றால் உடனே நியூ0 தட்டாமல் 197-இலிருந்து பீக் செய்யுங்கள். முதல் இரண்டு பைட் வரி எண், மூன்றாவது அந்த வரியின் நீளம். 0, 10 என்று தொடங்கி நீளங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் உள்ளே ஒரு பேசிக் புரோகிராம் இன்னும் உயிரோடு இருக்கிறது, முதலில் பைட் பைட்டாக அதைப் படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.