தங்கச்சிமடம் வீட்டுக் குழு: அருள் வண்டியும் தொண்டி நிச்சயமும்

அழகு அத்தை: அருள் வண்டிய வியாழக்கிழமை மதுரையில இன்ஜின் வேலைக்கு விடுறானாமே. அப்ப தொண்டிக்குப் பொண்ணு வீட்டுக்கு எதுல போறது?

அருள்: ரெண்டு நாள்தான் அத்தை. ஃபில்டர், சைலன்சர், ஈசியூ மேப் (இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கிற பெட்ரோல், டைமிங் கணக்கு). 84 எச்.பி. இருக்கிறது 120 ஆகும்னு சொல்றாங்க. 70 ஆயிரம்.

சூசை சித்தப்பா: 70 ஆ

செல்வி: நகைக்குக் கேட்டப்ப கையில இல்லன்னான்

செல்வம் மாமா: அருளு, காசு குடுக்கிறதுக்கு முன்னாடி இதப் படி. உன் ஸ்விஃப்ட் 1197 சிசி. ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் அவ்வளவு காத்தையும் இழுக்கும். 6000 ஆர்பிஎம்-ல (நிமிஷத்துக்கு 6000 சுத்து) முழுசா நிறைஞ்சாலே நிமிஷத்துக்கு 3,590 லிட்டர்தான். டர்போ (காத்த அழுத்தி உள்ள தள்ளுற விசிறி) இல்லாத வண்டிக்குக் காத்த உள்ள தள்ளுறது வெளியில இருக்கிற காத்தழுத்தம் மட்டும்தான். காத்து எவ்வளவோ அதுக்குத் தக்கனதான் பெட்ரோல எரிக்க முடியும். மேப்ப மாத்தினா காத்து அதிகமாகாது. ஃபில்டர், சைலன்சர், மேப் மூணும் சேந்து 5, 6 எச்.பி. வந்தாலே பெரிசு.

அருள்: மாமா டர்போ வண்டிக்கு மேப்லயே 20 சதவீதம் ஏறுதே

செல்வம் மாமா: அங்க மேப் டர்போவோட அழுத்தத்தைக் கூட்டுது. உனக்குக் கூட்ட என்ன இருக்கு?

அழகு அத்தை: வேன் சொல்லவா வேணாமா

சூசை சித்தப்பா: வேன்னா 14 பேர். எங்க வீட்லயே 6

செல்வம் மாமா: 120 எப்படி வரும்னு கணக்குப் போடுவோம். டார்க்க (இன்ஜினோட முறுக்கு விசை, நியூட்டன் மீட்டர்ல) ஆர்பிஎம்-ஆல பெருக்கி 7023-ஆல வகுத்தா எச்.பி. உன் வண்டிக்கு 4000-ல 115 டார்க். 6000-ல அது 98 ஆ இறங்கிடுது, அதான் 84 எச்.பி. 120 வேணும்னா 8000 ஆர்பிஎம்-ல 105 டார்க் நிக்கணும். கம்பெனி கேம் (வால்வத் திறந்து மூட வைக்கிற தண்டு) அந்த வேகத்துல மூச்சு விடாது. அதனால வால்வ் அதிக நேரம் திறந்திருக்கிற கேம், கெட்டி வால்வ் ஸ்பிரிங் (இல்லன்னா வால்வ் மிதந்து பிஸ்டன்ல அடிக்கும்), ஹெட் போர்ட்டிங் (காத்து போற வழியச் சீராக்குறது), 4-2-1 மேனிஃபோல்ட் (நாலு புகைக் குழாய் ரெண்டாகி ஒண்ணாகுறது), நல்ல ராடு (பிஸ்டனக் கிராங்கோட சேக்கிறது), ராடு போல்ட். அதுக்கு அப்புறம்தான் மேப். 70 ஆயிரத்துல இதெல்லாம் முடியாது.

செல்வம் மாமா: ராடு ஏன்னா, 6000-லேர்ந்து 8000 போனா வேகம் மூணுல ஒரு பங்குதான் கூடுது. ஆனா பிஸ்டன் மேல போய்த் திரும்பையில ராட இழுக்கிற விசை 1.78 மடங்கு. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு தடவை போற தூரம்) 71.5 மி.மீ., அதனால பிஸ்டன் சராசரி வேகம் நொடிக்கு 14.3 மீட்டர்லேர்ந்து 19 ஆகுது. ராடு போல்ட் விட்டா பிளாக்கே ஓட்டை.

செல்வி: 👀

சூசை சித்தப்பா: நம்ம வள்ளத்துக்குப் பெரிய இன்ஜின் மாட்டுன மாதிரி

அழகு அத்தை: அந்தப் பங்குக் கணக்கே இன்னும் முடியல சூசை

சூசை சித்தப்பா: அது வேற பேச்சு மதினி

அருள்: ஹோண்டா எஸ்2000 டர்போ இல்லாமலே 2 லிட்டர்ல 250 எடுத்துச்சே மாமா

செல்வம் மாமா: எடுத்துச்சு, 8300 ஆர்பிஎம்-ல. அந்த வேகத்துக்குன்னே செஞ்ச கிராங்க், ஹெட். இன்னொண்ணு, அதுல விடெக் இருக்கு. கீழ ஒரு கேம், மேல ஒரு கேம். உன்னதுல பெரிய கேம் மட்டும் போட்டா இன்டேக் வால்வ் லேட்டா மூடும். 2000 ஆர்பிஎம்-ல இழுத்த காத்துல ஒரு பங்கு திரும்ப இன்டேக் மேனிஃபோல்டுக்கே போயிடும். ஏசி போட்டு அஞ்சு பேரோட பாம்பன் பாலம் ஏறையில இப்ப இருக்கிற இழுவையும் இருக்காது. ஐடில்ல வண்டி உதறும். நாம ஓட்டுறது 1500-லேர்ந்து 3500 வரைக்கும்தான், அத வித்து 8000-ல வாங்கக் கூடாது.

அருள்: கம்ப்ரஷன் கூட்டினா?

செல்வம் மாமா: கம்ப்ரஷன் விகிதத்த (பிஸ்டன் காத்த எத்தனை மடங்கு அமுக்குதுன்னு) ஒண்ணு கூட்டினா 2, 3 சதவீதம். சாதா பெட்ரோல்ல இந்த வெயிலுக்கு நாக்கிங் (பெட்ரோல் தானா வெடிச்சுத் தட்டுறது) வரும். ஈசியூ உடனே டைமிங்கப் (பொறி விடுற நேரத்த) பின்னால இழுக்கும், வந்ததும் போயிடும். வெயிலே ஒரு பங்கு தின்னும். 15 டிகிரி காத்தோட பாத்தா 35 டிகிரி காத்துல 6 சதவீதத்துக்கு மேல எடை கம்மி. பானட்டுக்குள்ள திறந்த ஃபில்டர் வச்சா ரேடியேட்டர் சூட்டையே குடிக்கும். சத்தம் ஏறும், பவர் இறங்கும். தனுஷ்கோடி மணல் உள்ள போனா சிலிண்டர்ல கோடு விழும்.

செல்வி: போன வாட்டி தனுஷ்கோடிக்குப் போய் மணல்ல மாட்டுனது இந்த வண்டிதானே

அருள்: அது டயரு. சும்மா இரு

அழகு அத்தை: தொண்டிக்காரங்க 25 பேர் வரச் சொல்லிருக்காங்க. தேங்காய் யாரு பொறுப்பு?

சூசை சித்தப்பா: நான் இல்ல

செல்வம் மாமா: அருளு, ஞாயிறு பூசை முடிஞ்சு வண்டியக் கொண்டா. உள்ள 84 இருக்கான்னு முதல்ல பாப்போம். இன்ஜின் சூடா இருக்கணும், பேட்டரி ஃபுல். ஃபியூல் பம்ப் ஃபியூஸ் எடுத்துட்டு, காயில் கனெக்டர் கழட்டி, நாலு பிளக்கும் வெளிய. பிளக் துளையில கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, ஆக்சிலரேட்டர முழுசா மிதிச்சு, பிஸ்டன் 5, 6 தடவை அமுக்குற வரைக்கும் ஸ்டார்ட்டரச் சுத்தினா கம்ப்ரஷன் தெரியும். நாலுக்கும் நடுவுல 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் கூடாது. ஒண்ணு கம்மின்னா ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தித் திரும்பப் பாக்கணும். ஏறினா ரிங். ஏறலன்னா வால்வ், இல்லன்னா ஹெட் கேஸ்கெட். அப்புறம் வால்வ் கிளியரன்ஸ், த்ரோட்டில் பாடி அழுக்கு, பிரேக் பிடிச்சுக்கிட்டு ஓடுதான்னு பாக்கணும். உப்புக் காத்துல காலிப்பர் பின் இறுகிடும். அந்த 16 இன்ச் வீலையும் கழட்டு, பிக்கப்ப அதுவும் கொஞ்சம் தின்னுது.

அருள்: வீல் வேணாம் மாமா ப்ளீஸ்

செல்வம் மாமா: மனசு கேக்கலன்னா மதுரையில முதல்ல டைனோ ரோலர்ல (வீல உருளை மேல ஓட்டி எச்.பி. அளக்கிற மெஷின்) அளவு எடுக்கச் சொல்லு. வேலை முடிஞ்சதும் அதே ரோலர்ல திரும்ப எடுக்கணும். வீல்ல அளக்கிறப்ப கியர் பாக்ஸ்ல போறதெல்லாம் கழிஞ்சு 84 சுமார் 70-ன்னுதான் காட்டும். முன்னாடி வீல் அளவு, பின்னாடி இன்ஜின் அளவுன்னு கலந்து சொன்னா நம்பாத. பெரிய மாத்தம் செஞ்சா வண்டிய மாத்துறதப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு வரும், இன்சூரன்சும் இழுக்கும்.

அருள்: அட்வான்ஸ் 5 ஆயிரம் குடுத்துட்டேனே

செல்வி: 🤦

அழகு அத்தை: நான் வேனுக்குச் சொல்லி வைக்கிறேன். வேணாம்னா அப்புறம் பாப்போம்

சூசை சித்தப்பா: கம்ப்ரஷன் கேஜ் என்கிட்ட இருக்கு மாப்ள, படகுக்கு வாங்குனது

செல்வம் மாமா: அது டீசலுக்கு. இன்ஜெக்டர் துளையில மாட்டுறது, பிளக் துளைக்குச் சேராது. அருளு, பெட்ரோல் கேஜ் பிளக் அடாப்டரோட மண்டபத்துல யாருகிட்டயாவது கிடைக்குதான்னு நாளைக்கே கேளு.