வாஷிங் மிஷின்ல பவுடர் டிராயர்லயே களி மாதிரி நிக்குது. போர்டு மாத்தணும்கிறாங்க, நிஜமா?

குடவாசல் தையல்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுது ஃப்ரன்ட் லோட் மிஷின், 7 கிலோ, வாங்கி நாலு வருஷம் ஆச்சு. பொங்கல் கழிஞ்சதுலேர்ந்து ஒரே தொல்லை. துவைச்சு முடிச்சு டிராயரை இழுத்தா போட்ட பவுடர்ல பாதி அப்படியே கெடக்கு. இடது ஓரம் மட்டும் கரைஞ்சு ஓடியிருக்கு, வலது பக்கம் உளுந்தங்களி பதத்துல கெட்டியா நிக்குது. பக்கத்துல வாசனைத் திரவம் ஊத்துற குழி ரொம்பித் தளும்புது, ஊத்துன நீலம்கூட மாறல.

எங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவர். காக்கிச் சட்டை காலர் மடிப்புல வெள்ளை வெள்ளையாக் கோடு. டெப்போல ஒருத்தர், "என்ன மாப்ள, விபூதியைச் சட்டைக்கும் சேத்துப் பூசிட்டியா"ன்னு கேட்டாராம். வந்து சொல்லிட்டு என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க!

பவுடரை மாத்திப் பாத்தேன், அளவைக் குறைச்சுப் பாத்தேன். டிராயரைக் கழட்டிப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேச்சேன். ஒரு தடவை சரியாப் போச்சு, மறுநாள் பழைய கதை. சர்வீஸ்லேர்ந்து ஒரு தம்பி வந்து அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாத்துட்டு, "உள்ள இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு போயிடுச்சு, 5,200 ஆகும்"னாரு. டிராயரைத் தொட்டுக்கூடப் பாக்கல. வந்து போனதுக்கு 350 வாங்கிட்டாரு. மாத்தலாமா, வேணாமா?

கொடிக்கால் வெத்தலை:
பவுடரே வேணாம்க்கா. லிக்விடுக்கு மாறுங்க, டிரம்முக்குள்ளேயே நேரா ஊத்திடுங்க. நான் அப்படித்தான், பிரச்சனையே இல்ல.

குடவாசல் தையல்காரி:
பரண்லேர்ந்து ஒழுகுதுன்னா கீழ பாத்திரம் வைக்கச் சொல்ற மாதிரி இருக்கு தம்பி. வாசனைக் குழியிலயும் தண்ணி நிக்குதே, அதுக்கு என்ன பண்றது?

கும்மோணம் ரிப்பேர்காரன்:
அக்கா, போர்டுக்குப் பணம் கட்டாதீங்க, கொஞ்சம் பொறுங்க. மூணு கேள்வி. மிஷினுக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது? போர் தண்ணியா? பொங்கலுக்கு முன்னாடி தொட்டியிலயோ பைப்புலயோ யாராவது கை வச்சாங்களா?

குடவாசல் தையல்காரி:
மாடியில 1,000 லிட்டர் தொட்டி, தரையிலயே உக்காந்திருக்கு. போர் தண்ணிதான், ரெண்டு நாள் வாளியில வச்சா அடியில செம்மண் கலர்ல படியும். போகிக்குத் தொட்டி கழுவினோம். அப்பவே பிளம்பரைக் கூப்பிட்டுப் பழைய கேட் வால்வை மாத்தினோம். ஏன் கேக்குறீங்க?

கும்மோணம் ரிப்பேர்காரன்:
அங்கதான் இருக்கு சங்கதி.

டிராயருக்கு மேல வரிசையா ஓட்டை போட்ட ஒரு தட்டு உண்டு. தண்ணி வேகமா வந்தா அந்த ஓட்டை எல்லாத்துலயும் மழை மாதிரி கொட்டிப் பவுடரை அடிச்சுத் தள்ளும். வேகம் இல்லேன்னா ஒரு ஓரமாவே வழிஞ்சு இறங்கும். உங்களுக்கு இடது பக்கம் மட்டும் கரையுதுல்ல, அதான். மிச்சக் களி கடைசி அலசல்ல கொஞ்சம் கொஞ்சமா விழுந்து காலர்ல ஒட்டிக்குது.

வாசனைக் குழி வேற கணக்கு. அதுல ஒரு சின்னக் குழாய் நிக்கும், மேல ஒரு மூடி. குழிக்குள்ள தண்ணி அந்தக் குழாய் உச்சியைத் தாண்டினாத்தான் மொத்தமா உறிஞ்சிக் கீழ இறக்கும். நிறைய மிஷின்ல உள்ள தண்ணி விடுற ரெண்டு வால்வும் ஒரே நேரத்துல திறந்து, ரெண்டு தாரையும் மோதித் திரும்பித்தான் அந்தக் குழிக்கே தண்ணி போகும். வேகம் செத்துட்டா சொட்டுச் சொட்டா வரும், உறிஞ்சாது. மூடியைக் கழட்டி உள்ள கொழகொழன்னு இருக்கான்னும் பாத்துடுங்க.

தொட்டி மாடித் தரையிலயே இருந்தா முதல்லேர்ந்தே உங்களுக்கு அழுத்தம் கம்மிதான். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம், உங்க வீட்டுல மிஷினுக்கு மேல எட்டு அடி தேறினா அதிகம், கால் பார்தான். நாலு வருஷம் சமாளிச்ச மிஷின் இப்ப முரண்டு பண்ணுதுன்னா வழியில ஏதோ அடைச்சிருக்கு. முதல்ல ஹோஸை மிஷின் பக்கம் கழட்டி 10 லிட்டர் வாளியில விட்டு, ரொம்ப எவ்வளவு நேரம்னு பாருங்க.

நாகை உப்புக்காத்து:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க பக்கம் உப்புத் தண்ணி, அந்த ஓட்டைத் தட்டே வெள்ளையா அடைஞ்சு போகும். டிராயரைக் கழட்டிட்டு உள்ள டார்ச் அடிச்சு மேல பாருங்க. ஊசியால குத்தலாம், வினிகர் நனைச்ச துணியை அரை மணி நேரம் அண்டக் குடுத்தா இளகிடும். பிளீச்சிங் பவுடரோட மட்டும் சேத்துடாதீங்க.

குடவாசல் தையல்காரி:
தட்டு சுத்தமாத்தான் இருக்கு, ரெண்டு ஓட்டை மட்டும் அடைஞ்சிருந்துச்சு. வாளி 1 நிமிஷம் 20 செகண்டுல ரொம்பிடுச்சு.

கும்மோணம் ரிப்பேர்காரன்:
நிமிஷத்துக்கு ஏழரை லிட்டர், போதும். அப்ப அடைப்பு ஹோஸுக்கு அந்தாண்டை. பிளக்கைப் பிடுங்குங்க, தண்ணிக் குழாயை மூடுங்க. ஹோஸ் மாட்டுற வாய்க்குள்ள டார்ச் அடிச்சா தொப்பி மாதிரி ஒரு சின்னச் சல்லடை தெரியும். நடுவுல காம்பு இருக்கும், நோஸ் பிளேயரால பிடிச்சு நேரா இழுங்க. திருகாதீங்க. மேட்டூர் அணையை ஜனவரி 28-ல அடைச்சப்புறம் எனக்கு இந்த வேலைதான் அதிகம் வரும், போர்ல தண்ணி இறங்க இறங்க மண்ணும் சேந்து வரும்.

குடவாசல் தையல்காரி:
எடுத்துட்டேன்! பிளேயர் இல்ல, தையல் மிஷின் பெட்டியில இருந்த குறடுதான். சல்லடை பூரா செம்மண் சேறு, காப்பி வடிகட்டுன மண்டி மாதிரி. அதுக்கு மேல வெள்ளையா நூல் கணக்கா ஏதோ சுத்திக்கிடந்துச்சு. எம் மகன் பாத்துட்டு, "அம்மா, இது பிளம்பர் சுத்துற டெப்லான் டேப்"ங்கிறான். புது வால்வு மாட்டினப்ப பிஞ்சு விழுந்தது போல.

கழுவி மாட்டி ரெண்டு தடவை துவைச்சாச்சு. டிராயர் அலம்பி வச்ச மாதிரி இருக்கு. வாசனைக் குழியில மட்டும் அடியில கொஞ்சூண்டு தண்ணி நிக்குது, அது சரியா?

கும்மோணம் ரிப்பேர்காரன்:
அந்த அளவு எப்பவும் நிக்கும், விட்டுடுங்க. கோட்டுக்கு மேல ஊத்தாதீங்க, ஊத்தின உடனே இறங்கிடும். கெட்டியா இருந்தா தண்ணி கலந்து ஊத்துங்க. மாசத்துக்கு ஒரு தரம் அந்தச் சல்லடையைப் பாருங்க.

குடவாசல் தையல்காரி:
சரிங்க தம்பி, நல்லா இருங்க. காலையில 4.40 வண்டிக்குச் சட்டையை உதறிப் பாத்துட்டுத்தான் போட்டுக்கிட்டுப் போனாரு. ஒண்ணும் சொல்லல. அந்த 350 ரூபாயைத் திருப்பிக் கேக்கலாமான்னுதான் இப்ப யோசிக்கிறேன்.